இலண்டன் புறநகரில் பைங்கிளி

இலண்டனின் தென்மேற்குப் புறநகர்களான ரிச்மண்ட், ட்விக்கனம், கிங்ஸ்டன் ஆகிய பகுதிகளில், வீட்டுத் தோட்டத்தில் தொங்கவிடப்பட்டுள்ள நிலக்கடலைத் தீனிக்கூடைகளைத் தேடிக் கடுங்குளிரிலும் கூட்டமாக வந்திறங்கும் பச்சைக்கிளி, தமிழ்நாட்டு வயல்களிலும் கோபுரப் பொந்துகளிலும் காணப்படும் அதே இனத்தைச் சேர்ந்தது. வளர்ந்த ஆணின் கழுத்தில் இருக்கும் சிவந்த வளையத்தையே சங்கப் புலவர்கள் ‘செந்தார்’ என்றனர்.

‘ஆப்பிரிக்கன் குயின்’ திரைப்படத்துக்காக 1951இல் ஐசல்வர்த் படப்பிடிப்புத் தளத்துக்குக் கொண்டுவரப்பட்ட கிளிகள் தப்பிப் பெருகின என்றும், கிதார்க் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 1960களில் ஓர் இணையைப் பறக்கவிட்டார் என்றும் அந்நகரில் கதைகள் வழங்குகின்றன. ஆனால் பறவைகள் தென்பட்ட இடங்களை வரைபடத்தில் குறித்து, அவை பரவத் தொடங்கிய மூலத்தைக் கணிக்கும் முறையை, அதாவது தொடர் குற்றவாளிகளின் இருப்பிடத்தைக் கண்டறியக் காவல்துறை கையாளும் முறையைக் கொண்டு 2019இல் வெளியான ஆய்வு, இக்கதைகளுக்குச் சான்றில்லை என்று காட்டியது. நார்ஃபோக்கில் 1855ஆம் ஆண்டிலேயே இக்கிளி கூடுகட்டியதற்குப் பதிவு உண்டு என்பதால், காலக்கணக்கும் கதைகளுக்கு இடந்தரவில்லை.

உண்மை வரலாறு கூண்டு வணிகத்தின் வரலாறே. விக்டோரியா காலம் முதல் பிடித்து விற்கப்பட்ட கிளிகளுள் பல தப்பின, சில திறந்துவிடப்பட்டன. கிளிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் சிட்டகோசிஸ் என்னும் நுரையீரல் நோய் 1929-30இல் பல நாடுகளில் பரவியபோது, பிரிட்டன் 1930இல் கிளி இறக்குமதியைத் தடைசெய்தது. அச்சத்தால் கூண்டுகளைத் திறந்துவிட்டோரும் இருந்திருக்கலாம் என ஆய்வாளர் கருதுகின்றனர். பெயர் பதிவாகாத எளிய வீட்டாரின் இச்செயல்களே எந்தப் புகழ்பெற்ற கலைஞரின் செயலையும்விட வரலாற்றில் எடை மிக்கவை. கென்ட் பகுதியில் 1969 முதல் இடையறாது இனப்பெருக்கம் நடைபெற்றது. 1983இல் பிரிட்டனின் பறவைப் பட்டியலில் இக்கிளி இடம்பெற்றது.

வெப்பநாட்டுப் பறவை குளிரைத் தாங்கியது எவ்வாறு என்பதற்கு மரபணு ஆய்வு விடை தருகிறது: ஐரோப்பாவில் வாழும் இக்கிளிகளுள் பெரும்பாலானவை, இமயமலை அடிவாரக் குளிருக்குப் பழகிய வட இந்திய, பாகிஸ்தான் பகுதிகளிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டவற்றின் வழித்தோன்றல்கள். குளிர்காலத்தில் மனிதர் தோட்டங்களில் வைக்கும் தீனியும் அவற்றுக்குத் துணைசெய்கிறது. ஆயினும் கிளிகள் அருகிலிருக்கும்போது உள்ளூர்ச் சிறுபறவைகள் தீனியை நெருங்கத் தயங்குகின்றன என்பதும் ஆய்வில் தெரியவந்தது.

இங்கிலாந்தில் 2010 முதல், பயிருக்குக் கடுஞ்சேதம் விளைவிப்பது போன்ற காரணங்களுக்காகப் பொது உரிமத்தின்கீழ் இக்கிளியைக் கொல்லலாம். இந்தியாவிலோ 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதைப் பிடிப்பதும் கூண்டில் வைத்திருப்பதும் குற்றம்.