கெல்லி கோட்டையும் ஒரு மாணவியின் கேள்வியும்



கடந்த பள்ளி விடுமுறையில் எங்கள் ஆறாம் ஆண்டு மாணவர்களைப் பேரா மாநிலத்திலுள்ள கெல்லி கோட்டைக்கு ஒருநாள் கல்விச் சுற்றுலாவாக அழைத்துச் சென்றோம். விடியற்காலையில் புறப்பட்ட பேருந்து, கோப்பேங் நகரில் நெடுஞ்சாலையை விட்டுப் பத்து காஜா சாலையில் திரும்பியது. சுண்ணாம்புக் குன்றுகளும் செம்பனைத் தோட்டங்களும் மாணவர்களின் கண்களை ஈர்த்தன. அவற்றின் நடுவே, ராயா ஆற்றின் கரையில், செங்கல் நிறத்தில் எழுந்து நின்றது கோட்டை.

ஸ்காட்லாந்தில் 1870-இல் பிறந்த வில்லியம் கெல்லி ஸ்மித், தமது இருபதாம் வயதில் மலாயாவுக்கு வந்தார். சாலைப் பணிகளில் ஈட்டிய பணத்தைக் கொண்டு காடழித்து ரப்பர் பயிரிட்டார். மகன் பிறந்த 1915-ஆம் ஆண்டில் இம்மாளிகையைக் கட்டத் தொடங்கினார். செங்கற்கள் இந்தியாவிலிருந்து வந்தன. கட்டும் கைகளும் சென்னை மாகாணத்திலிருந்தே வந்தன. ஆறு மாடிக் கோபுரத்தில் மின்தூக்கிக்கும் இடம் விடப்பட்டது. ஆனால், 1926-இல் ஸ்மித் லிஸ்பன் நகரில் காலமானார். கட்டடம் முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது.

வழிகாட்டி பேய்க் கதைகளையும் சுரங்கப்பாதைக் கதைகளையும் சுவைபடச் சொன்னார். மாணவர்கள் வாய்பிளந்து கேட்டனர். ஆயினும், உண்மை வரலாறு சற்றுத் தொலைவிலுள்ள மாரியம்மன் கோயிலில் இருந்தது.

கட்டுமானம் நடந்த காலத்தில் தொழிலாளர்களிடையே கொள்ளைநோய் பரவிப் பலர் மாண்டனர். மாரியம்மனுக்குக் கோயில் எழுப்ப வேண்டுமென எஞ்சியோர் வேண்டினர், ஸ்மித் இசைந்தார். நன்றி மறவாத அம்மக்கள், கோயிலின் மேற்கூரையில் தெய்வச் சிலைகளோடு வெள்ளுடை அணிந்த அவருடைய உருவத்தையும் வைத்தனர்.

அதை அண்ணாந்து பார்த்த மாணவி ஒருத்தி, "சிலையாக நிற்பவரின் பெயர் தெரிகிறது, ஐயா. சிலையைச் செய்தவரின் பெயர் என்ன?" என்று கேட்டாள்.

நான் தலைகுனிந்தேன். அன்று காலை நான் வழங்கிய பயிற்சித்தாளில், 'கோட்டையைக் கட்டியவர் யார்?' என்றொரு வினா இருந்தது. ஒரே ஒரு பெயரைத்தான் விடையாகக் குறித்து வைத்திருந்தேன். அந்த நோயில் மாண்டவர்களுள் ஒருவருடைய பெயரைக்கூட நான் மாணவர்களுக்குச் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் அவ்வினாவை அடித்துவிட்டு, வேறொரு பணி கொடுத்தேன்: 'உன் குடும்பத்தில் முதன்முதலாக இந்நாட்டுக்கு வந்தவர் யார்? எந்தத் தோட்டத்தில் உழைத்தார்?' மறுவாரம் பாதித் தாள்கள் வெறுமையாகவே திரும்பின. ஒரு மாணவன் மட்டும் தன் கொள்ளுத்தாத்தாவின் பெயரை எழுதி வந்தான். வீட்டில் பாட்டி ஒருவருக்குத்தான் அப்பெயர் நினைவில் இருந்ததாம்.

பெற்றோர்களே, அந்தப் பாட்டி இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். பேய்க் கதைகளைச் சொல்ல எப்போதும் ஆளிருப்பர். நம் முன்னோரின் பெயர்களை நாம்தாம் சொல்ல வேண்டும்.