குளத்துக்குத் திரும்பும் தண்ணீர்

எண்ணெய் நெருக்கடி வந்தால் அமெரிக்காவுக்குப் பாசி ஞாபகம் வந்துவிடும். 1978இல் அந்நாட்டு எரிசக்தித் துறை தொடங்கிய நீர்வாழ் உயிரினத் திட்டம் அப்படிப் பிறந்ததுதான். 1996இல், பெட்ரோல் மலிவாகக் கிடைத்த காலத்தில், அதை மூடிவிட்டார்கள். நடுவில் நியூ மெக்சிகோவின் ராஸ்வெல்லில் (பறக்கும் தட்டு ராஸ்வெல்லேதான்) தலா ஆயிரம் சதுர மீட்டரில் இரண்டு குளங்கள் அமைத்து நுண்பாசி வளர்த்தார்கள். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எண்ணெயைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எனக்குத் தண்ணீர்தான் உறுத்தியது.

தோராயமாக ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். திறந்த குளத்தில் லிட்டருக்கு அரை கிராம் பாசி, அதில் கால்வாசி எண்ணெய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ எண்ணெய்க்கு நாலு கிலோ பாசி வேண்டும். அதை வடித்தெடுக்க எட்டாயிரம் லிட்டர் தண்ணீரை இறைக்கணும். வடித்த நீரில் பாசி தின்றது போக மிஞ்சிய உரமும் இருக்கும், கொட்ட மனசு வராது. மறுபடி குளத்துக்கே விடலாம். நிரல் எழுதுகிறவனுக்கு இது ஒரு லூப், அவ்வளவுதானே?

2011இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் முறையாகக் கணக்கிட்டது. நன்னீரைத் திருப்பாமல் விட்டால் ஒரு கிலோ பயோடீசலுக்கு 3,726 கிலோ தண்ணீர். அறுவடை நீரைத் திருப்பினால் அதில் 84 சதவீதம் மிச்சம். அருமையான எண். ஆனால் எவ்வளவு திரும்புகிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது, என்னவாகத் திரும்புகிறது என்பதை அல்ல.

அந்தக் கேள்வி ரொம்பப் பழசு. 1940களின் தொடக்கத்திலேயே ராபர்ட்சன் ப்ராட் என்ற அமெரிக்க ஆய்வாளர், குளோரெல்லா தான் வளரும் நீரிலேயே தன் வளர்ச்சியைத் தடுக்கும் பொருளைக் கசியவிடுவதாக எழுதினார். அதற்குக் குளோரெலின் என்று பெயர். அது பாக்டீரியாவையும் தடுக்கிறது என்று 1944இல் செய்தி வந்தது. பெனிசிலினைப் பார்த்து உலகமே வாய்பிளந்திருந்த நேரம், கேட்கணுமா! மருந்தாக அது எங்கும் போய்ச் சேரவில்லை. குளத்துக்காரர்களுக்கு மட்டும் தலைவலி மிஞ்சியது. பாசி கழித்தது, செத்த செல்களின் கூழ், அதைத் தின்னும் பாக்டீரியா, பாசியைப் படியவைக்கப் போட்ட படிகாரமோ இரும்பு உப்போ, எல்லாம் சுற்றுக்குச் சுற்று சேரும். சில இனங்கள் அந்த நீரிலும் ஜோராக வளர்கின்றன, சில படுத்துவிடுகின்றன. ஒரு இனத்துக்குக் கிடைத்த விடையை இன்னொன்றுக்கு அப்படியே காப்பி-பேஸ்ட் செய்ய முடியாது.

உப்பு வேறு. ராஸ்வெல் மாதிரி வறண்ட ஊரில் வெயில் தண்ணீரை மட்டும்தான் எடுத்துக்கொண்டு போகும். ஈடுகட்ட உவர்நீரை ஊற்ற ஊற்ற உப்பு ஏறும். ஒரு கட்டத்தில் கொஞ்சத்தை வெளியேற்றியே ஆகணும். கடலோரம் என்றால் ஏதாவது வழி இருக்கும். பக்கத்தில் கடலே இல்லாத ராஸ்வெல்லில் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?