இயந்திரம் நின்றபோது

முதலாம் உலகப் போரிலே பிரித்தானிய விமானிகள் பலர் பகைவரைக் காணுமுன்னரே பயிற்சியில் மடிந்தனர். மேலெழுந்த சிறிது நேரத்தில் இயந்திரம் நின்றுவிடின், மாணாக்கன் புறப்பட்ட தளத்திற்கே திரும்ப முயல்வான். வேகங்குன்றிய விமானம் சுழன்று வீழும். நேரே முன்சென்று இறங்குவதே உய்யும் வழி. ஆயின், அச்சம் அறிவை மறைக்குமன்றோ? ஆசிரியரிற் பலர் அபாயத்தைத் தவிர்க்கவே கற்பித்தனர்; அதனின்று மீளக் கற்பித்தாரல்லர்.

1917இல் கொஸ்போட் என்னுமிடத்தில் இம்முறையை மாற்றியவர் றொபேட் சிமித் பரி. அவர்தாமும் 1914இல் விமான விபத்தொன்றிற் கால்கள் முறிவுற்றவர். இரட்டைக் கட்டுப்பாடுடைய அவ்ரோ 504 விமானத்தில் மாணாக்கனை ஏற்றி, வேண்டுமென்றே சுழலவிட்டு, மீளப் பழக்கினார். இரைச்சலிடையே ஆசானின் குரல் மாணாக்கனுக்குக் கேட்கப் பேச்சுக் குழாயொன்றும் பொருத்தப்பட்டது. எளியதொரு குழாய்தான், எனினும், அதற்குமுன் வானத்து வகுப்பறையிற் சைகையும் கூச்சலுமே பாடமொழியாயிருந்தன.