எல்லை தாண்டிய பாம்பு

பாட்டுக்கு ஏது எல்லை? – 9

சென்ற வாரம்: 1956 நவம்பர் 1. விளவங்கோடு தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் நடுவே மாநில எல்லை விழுந்தது. அந்த எல்லைக்கு அடங்காத ஒரு பாட்டு உண்டு என்று சொல்லி நிறுத்தியிருந்தோம்.

2008. திருவனந்தபுரத்து ‘அவியல்’ குழுவின் முதல் ஆல்பம் வெளிவந்தது. ரெக்ஸ் விஜயனின் கிதார், டோனி ஜானின் குரல், பின்னி ஐசக்கின் பேஸ், மிதுன் புத்தன்வீட்டிலின் டிரம்ஸ். இங்கே ராக் என்றாலே ஆங்கிலம் என்றிருந்த நிலையில், அவர்கள் மலையாளத்தில் முழங்கினார்கள். அந்த ஆல்பத்தில் ஒரு பாட்டு ‘ஆடு பாம்பே’.

அதன் மூலப் பாடலை இயற்றியவரோ அதற்கு ஏறத்தாழ 80 ஆண்டுகளுக்கு முன்பே சமாதியடைந்தவர்!

அவர் ஸ்ரீ நாராயண குரு. அந்தப் பாடல், அவருடைய ‘குண்டலினிப் பாட்டு’.

நெய்யாற்றின்கரைக்காரர்களுக்குக் குருவை யாரும் அறிமுகப்படுத்த வேண்டாம். அகத்தியமலையில் பிறந்து பூவாறில் கடலைச் சேரும் நெய்யாற்றின் கரையில்தான் அருவிப்புரம் இருக்கிறது. 1888 சிவராத்திரி இரவில், ஆற்றில் மூழ்கி ஒரு கல்லை எடுத்துவந்து சிவனாகப் பிரதிஷ்டை செய்தார் குரு. கோயிலுக்குள் நுழையவே விடப்படாத மக்களுக்கு அன்று ஒரு கோயில் கிடைத்தது.

அப்படிப்பட்ட துறவியின் யோகப் பாட்டு எலெக்ட்ரிக் கிதாருக்கு எப்படிப் பொருந்தியது?

ராக் கீதங்கள் நிலைக்கும் வழி ஒன்றுதான். 1972-ல் டீப் பர்ப்பிள் வெளியிட்ட ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ பாட்டை இன்றும் கிதார் பழகுகிறவர்கள் முதலில் வாசித்துப் பார்க்கிறார்கள். சின்னஞ்சிறு கிதார் துணுக்கு திரும்பத் திரும்ப வந்து, கேட்பவரின் உடம்பிலேயே ஏறிவிடுகிறது. குண்டலினிப் பாட்டும் அதே உடற்கட்டு கொண்டது: குறுகிய அடிகள், விடாமல் திரும்பும் பாம்பு விளி, கூட்டமாகச் சேர்ந்து பாடத் தோதான தாளம். குருவின் சொற்களிலேயே முழக்கம் இருந்தது. கிதார் அதை உரக்கச் சொன்னது. அதனால்தான் இந்தப் பாட்டு பழசாகவில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனால் அந்த விளியைக் குரு தாமே உண்டாக்கவில்லை. முதுகுத்தண்டின் அடியில் சுருண்டிருப்பதாக யோகம் சொல்லும் குண்டலினி ஆற்றலைப் பாம்பாக்கி, அதை ‘ஆடு’ என்று ஏவிப் பாடியவர் நம் பாம்பாட்டிச் சித்தர். தமிழ்ச் சித்தரின் குரல் மலையாளத் துறவியின் நாவில் ஏறி, அங்கிருந்து ராக் மேடைக்கு வந்திருக்கிறது. எல்லையின் இருபக்கத்தாருக்கும் இது சொந்தப் பாட்டு.

சரி, செம்பழந்தியில் பிறந்து, இளமையில் ‘நாணு ஆசான்’ என்று அழைக்கப்பட்ட குருவுக்கு யோகத்தின் வாசலைத் திறந்துவிட்டவர் யார்? சமகாலத் துறவியான சட்டம்பி சுவாமிகள் அவரை ஒருவரிடம் அழைத்துப் போனார். மலையிலோ குகையிலோ இருந்தவர் அல்லர் அவர். திருவனந்தபுரத்தில், ஆங்கிலேய ரெசிடென்டின் மாளிகையில், சம்பளத்துக்கு மேற்பார்வை வேலை பார்த்த குடும்பஸ்தர். அதுவும் ஒரு தமிழர்!

வெள்ளைக்காரரிடம் வேலை பார்த்தபடியே துறவிகளை உருவாக்கிய அந்தத் தமிழர் யார்?

(அடுத்த வாரம்: தைக்காட்டு ரகசியம்)