கறுப்பு வெளுத்த கதையும் இரண்டு சாம்பல் நிறங்களும்

ஷேடு கார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் இரண்டு சாம்பல் நிறங்கள். எது வேண்டும் என்று வீடே அரை நாள் விவாதிக்கும். ஒருவழியாக முடிவு செய்து சுவரில் அடித்ததும், "இது கார்டில் பார்த்த கலரே இல்லை, கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிட்டார்" என்று புகார் கிளம்பும். இந்தப் புகாருக்கு வயது ஏறக்குறைய 200!

1824-ல் பாரிஸின் கோப்லான் அரசு நெசவாலையில் சாயப் பிரிவுக்கு இயக்குநராக வந்தார் மிஷேல் யூஜீன் ஷெவ்ரேல். கொழுப்பையும் சோப்பையும் ஆராய்ந்து பெயர் வாங்கிய வேதியியலாளர். அங்கே அவருக்காக ஒரு புகார் காத்திருந்தது. சித்திரத் திரைகளில் நீல, ஊதா நிற ஆடைகளின் மடிப்புக்கு நிழலாக நெய்யும் கறுப்பு நூல் வெளுத்துத் தெரிகிறதாம். பழி சாயம் போடுபவர்கள் தலையில்.

ஷெவ்ரேல் மற்ற ஆலைகளின் கறுப்புக் கம்பளி நூலை வரவழைத்து ஒப்பிட்டார். கோப்லான் கறுப்பு எதற்கும் குறைந்ததில்லை. அப்படியானால் தவறு எங்கே? பக்கத்தில் இருந்த நீலத்திலும் ஊதாவிலும்! நம் கண் ஒரு நிறத்தைப் பார்க்கும்போது, அதன் எதிர் நிறத்தை அருகில் இருப்பதன்மேல் கொஞ்சம் ஏற்றிவிடுகிறது. நீலத்துக்கு எதிர் ஆரஞ்சு, ஊதாவுக்கு மஞ்சள், பச்சைக்குச் சிவப்பு. இதைத்தான் 1839-ல் ஒரு பெரிய புத்தகமாக எழுதினார்.

அதில் ஒரு வியாபாரத் தகராறும் வருகிறது. சிவப்பு, ஊதா, நீலத் துணிகளைக் கொடுத்துக் கறுப்புப் பூ அச்சடிக்கச் சொன்ன வியாபாரிகள், சிவப்புத் துணியில் பூ பச்சையாகத் தெரிகிறது என்று சண்டைக்கு வந்தார்கள். ஷெவ்ரேல் பூவின் வடிவத்தில் வெள்ளைத் தாளை வெட்டி, சுற்றியிருந்த நிறத்தை மறைத்துக் காட்டினார். பூ கறுப்புதான். அச்சடித்தவர் மானம் தப்பியது.

கறுப்புக்கே இந்தக் கதி என்றால் சாம்பலின் நிலையை யோசித்துப் பாருங்கள். தனக்கென்று நிறமே இல்லாத நிறம் அது. பச்சை சோபா அருகே லேசாக ரோஸ் அடிக்கும், நீலத் திரை அருகே பழுப்பாகத் தோன்றும்.

நிறங்களுக்கு எண் கொடுத்தால் பிரச்சினை தீரும் என்று பிறகு வந்தவர்கள் நினைத்தார்கள். அமெரிக்க ஓவிய ஆசிரியர் மன்செல் 1905-ல் ஒரு முறையை வெளியிட்டார். ஜெர்மனியில் 1927-ல் 40 நிறங்களுடன் ரால் பட்டியல் தொடங்கியது. இன்று அதில் சாம்பல் நிறங்களின் எண்கள் எல்லாம் 7-ல் ஆரம்பிக்கும். மின்சாரப் பேனல் பெட்டிகளில் பார்க்கும் வெளிர் சாம்பல் 7035. கடைக்காரர் மாற்றிக் கொடுக்காமல் இருக்க எண் உதவும். கண்ணுக்கு அந்த எண் தெரியாதே! 1995-ல் எட்வர்ட் அடெல்சன் வரைந்த சதுரங்கப் பலகைப் படத்தில் இரண்டு கட்டங்கள் அச்சு அசலாக ஒரே சாம்பல். தெரிந்துகொண்டு பார்த்தாலும் ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை என்றுதான் தோன்றும்.

கடையில் இரண்டு சாம்பலைப் பிரித்துப் பார்க்க ஷெவ்ரேலின் வெள்ளைத் தாள் போதும். வீட்டில் அப்படித் தாளை வைத்துக்கொண்டு யாரும் சுவரைப் பார்ப்பதில்லை. அதனால் இரண்டையும் சுவரிலேயே நான்கடி அகலத்துக்கு அடித்து, தரை டைல்ஸும் திரைச்சீலையும் பக்கத்தில் இருக்க, பகல் வெளிச்சத்தில் ஒருமுறை, டியூப்லைட்டில் ஒருமுறை பார்ப்பது நல்லது. பகலில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு பெயிண்ட் இரவில் வேறாகத் தெரிவதும் உண்டு. ஆனால் அது விளக்கு செய்யும் வேலை, வேறு கதை.