பதிவேடும் பெஞ்சும்

ஒரு கல்லூரியில் யாரெல்லாம் படித்தார்கள் என்பதை அறிய நாம் முதலில் தேடுவது சேர்க்கைப் பதிவேட்டைத்தான். பெயர், தந்தை பெயர், ஊர், சாதி, சேர்ந்த நாள், விலகிய நாள். எந்தச் சாதியில் எத்தனை பேர் என்று கணக்கெடுத்துவிட்டால் கல்வியின் சமூக வரலாற்றை எழுதிவிட்டதாக ஒரு நிறைவு ஏற்படுகிறது. ஆனால் உள்ளே வந்த மாணவன் எங்கே உட்கார்ந்தான், யாரோடு சாப்பிட்டான், மணி அடித்தபின் யாரோடு நடந்து வீடு திரும்பினான் என்பதைப் பதிவேடு சொல்வதில்லை. சேர்க்கை, சேர்த்துக்கொள்ளுதல் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். வரலாற்றில் இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள தொலைவு மிகப் பெரியது. செங்கல்பட்டு மாவட்டத்தை முன்வைத்து அத்தொலைவைச் சற்று அளந்து பார்க்கலாம்.

இம்மாவட்டத்தின் கோழியாளம் என்ற சிற்றூரில் 1860ஐ ஒட்டிப் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். குடும்பம் பிழைப்புத் தேடி இடம்பெயர்ந்ததால் அவருடைய படிப்பு கோயம்புத்தூரில் தொடர்ந்தது. 1939இல் அவர் வெளியிட்ட 'ஜீவிய சரித்திர சுருக்கம்' மிகச் சிறிய நூல். அதில் தம் மாணவப் பருவத்தைப் பற்றி அவர் எழுதியிருப்பது சில வரிகள்தான். ஏறத்தாழ 400 மாணவர்களில் 10 பேர் தவிர மற்ற அனைவரும் பிராமணர். நெருங்கிப் பழகினால் தம் சாதி, குலம், இருப்பிடம் தெரிந்துவிடும் என்று அஞ்சி அவர் வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகே வகுப்பினுள் நுழைவார். வகுப்பு முடிந்ததும் பிற மாணவர்கள் எட்டிப் பிடிக்க முடியாத வேகத்தில் வீடு திரும்புவார்.

பதிவேட்டின் கணக்கில் அவர் சேர்க்கப்பட்ட மாணவர். அவரை எவரும் வெளியே தள்ளவில்லை. வகுப்பறைக்குள் இருந்துகொண்டே அவர் தம்மை ஒளித்துக்கொள்ள நேர்ந்தது. இந்த ஒளிதலை எந்தக் கல்வித்துறை அறிக்கையிலும் காண முடியாது.

இதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே சென்னையில் இதே சிக்கல் வெளிப்படையாக வெடித்திருந்தது. ஸ்காட்லாந்து மிஷனரியான ஜான் ஆண்டர்சன் 1837 ஏப்ரலில் 59 சிறுவர்களோடு ஒரு பள்ளியைத் தொடங்கினார். பின்னாளில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது அதுதான். அடுத்த ஆண்டே பறையர் சமூகத்துச் சிறுவர்கள் சிலர் அதில் சேர்க்கப்பட்டனர். மற்ற மாணவர்களின் பெற்றோர் அவர்களை நீக்கும்படி கோரினர். அது நடவாதபோது, தனியாகவாவது உட்கார வைக்கும்படி கேட்டனர். ஆண்டர்சன் இரண்டையும் மறுத்தார். பள்ளியைவிட்டுப் பலர் விலகினர், நாளடைவில் பலர் திரும்பினர். இரண்டாவது கோரிக்கைதான் இங்கே கவனிக்கத்தக்கது. பதிவேட்டில் பெயர் இருப்பதைக்கூடச் சகித்துக்கொள்ள அவர்கள் முன்வந்தார்கள். ஒரே பெஞ்சு என்பதையே அவர்களால் ஏற்க முடியவில்லை.

அடுத்த சில ஆண்டுகளில் இம்மிஷன் காஞ்சிபுரத்திலும் செங்கல்பட்டிலும் கிளைப் பள்ளிகளைத் திறந்தது. காஞ்சிபுரத்தில் ஆண்டர்சன் பெயரைத் தாங்கிய பள்ளியும், செங்கல்பட்டில் புனித கொலம்பா பள்ளியும் அந்த மரபில் வந்தவை. ஆனால் 1838இன் உறுதி தாமாகவே ஒரு சமத்துவக் கல்லூரியை உருவாக்கிவிடவில்லை. 1862இல் வந்த வில்லியம் மில்லர் அதைத் தென்னிந்தியாவின் தலைசிறந்த கல்லூரிகளுள் ஒன்றாக்கினார். 1877இல் அது 'கிறித்தவக் கல்லூரி' என்று பெயர் பெற்றது. சமூகத்தின் மேல்தட்டினருக்கு உயர்கல்வி அளித்தால் அதன் பயன் மெல்லக் கீழே பரவும் என்பது மில்லரின் நம்பிக்கை. அவர் காலத்து மாணவர்களில் மிகுதியானோர் பிராமணர். பெஞ்சு எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. அதுவரை வந்து சேர முடிந்தவர்கள் மிகச் சிலரே.

ஏன் வந்து சேர முடியவில்லை என்பதற்கான விடை செங்கல்பட்டுச் சிற்றூர்களில் கிடக்கிறது. மாவட்ட ஆட்சியரான டிரமன்ஹீர் 1891இல் இம்மாவட்டத்துப் பறையர்களின் நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். கடனுக்கு ஈடாக உழைத்த படியாள்களையும், குடியிருந்த மனையின் மீதுகூட உரிமையற்ற குடும்பங்களையும், அவர்கள்மீது மிராசுதாரர்களுக்கு இருந்த பிடியையும் அது விவரிக்கிறது. செங்கல்பட்டில் பணியாற்றிய ஆடம் ஆண்ட்ரூ போன்ற மிஷனரிகளும் இதே காலத்தில் நிலத்துக்காக வாதாடிக்கொண்டிருந்தனர். படியாளின் மகன் பள்ளிக்குச் சென்றால் மிராசுதாரரின் மாட்டை மேய்ப்பது யார்? மறுத்தால் குடியிருக்கும் மனையிலிருந்தே வெளியேற்றப்படலாம். 1892இல் பஞ்சமி நிலம் பற்றிய அரசாணையும் 1893இல் பஞ்சமர் கல்விக்கான அரசாணையும் அடுத்தடுத்து வந்தது தற்செயலன்று. நிலமும் படிப்பும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டிருந்தன.

1893இன் ஆணைக்குப் பிறகு தனிப் பள்ளிகள் பெருகின. அடையாற்றில் கர்னல் ஆல்காட் 1894இல் தொடங்கிய பள்ளியும் அவ்வகையினதே. தனிப் பள்ளிகள் எழுத்தைக் கொடுத்தன என்பதை மறுக்கலாகாது. ஆனால் பெஞ்சு பற்றிய கேள்வியை அவை எழுப்பாமலே விட்டுவிட்டன. பொதுப் பள்ளிகளோ பல ஊர்களில் அக்கிரகாரத்திலும் கோயிலை ஒட்டிய மண்டபங்களிலும் நடந்தன. தெருவில் நடக்க உரிமை இல்லாத சிறுவனுக்குப் பள்ளியின் கதவு திறந்திருந்து என்ன பயன்? இரட்டைமலை சீனிவாசன் 1923இல் சென்னைச் சட்டமன்ற உறுப்பினரானார். பொதுத் தெருக்களிலும் கிணறுகளிலும் அனைவருக்கும் உரிமை வேண்டும் என்ற தீர்மானத்தை 1924இல் கொண்டுவந்தார். வேகமாக வீட்டுக்கு நடந்த மாணவனின் பின்னணியில் இதைப் படித்தால், அது கல்வி பற்றிய தீர்மானமும்தான் என்பது புரியும்.

பெஞ்சுக்கு அடுத்த சோதனை பந்தி. வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில், பெற்றோரின் வேண்டுகோளை ஏற்று, பிராமண மாணவர் இருவருக்குத் தனியாக உணவு பரிமாறப்பட்டது. தேசியக் கல்விக்கென, காங்கிரஸ் நிதியும் பெற்று நடந்த நிறுவனம் அது. அங்கே இரண்டு இலைகள் மட்டும் தள்ளிப் போடப்பட்டதே 1924, 25ஆம் ஆண்டுகளில் தமிழக அரசியலைக் கலக்கப் போதுமானதாக இருந்தது. 1925 நவம்பரில், அன்று செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த காஞ்சிபுரத்தில் கூடிய காங்கிரஸ் மாநாட்டிலிருந்து பெரியார் வகுப்புவாரி உரிமையை முன்வைத்து வெளியேறினார். குருகுலத்துப் பந்தி அந்த வெளியேற்றத்தின் முன்கதை.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1937இல் கிறித்தவக் கல்லூரி சென்னையின் நெரிசலை விட்டுத் தாம்பரத்துக்கு, 300 ஏக்கருக்கும் மேற்பட்ட காட்டு நிலத்துக்கு இடம்பெயர்ந்தது. சேலையூர், புனித தோமா, பிஷப் ஹீபர் என்ற மூன்று விடுதிகளைச் சுற்றியே வளாக வாழ்க்கை அமைந்தது. இதன் பொருளை நாம் போதுமான அளவு எண்ணிப் பார்த்ததில்லை. நகரத்துக் கல்லூரியில் ஒன்றாக அமர்ந்தவர்கள் மாலையில் அவரவர் தெருவுக்குத் திரும்பிவிடலாம். விடுதிக் கல்லூரியில் அப்படித் திரும்ப ஒரு தெரு இல்லை. பெஞ்சு, பந்தி, பாதை மூன்றும் ஒரே வேலிக்குள் வந்துவிடுகின்றன. சிறிய விடுதிக் கல்லூரி எதற்கு என்ற கேள்விக்கு நான் சொல்லக்கூடிய முதல் விடை இதுதான்.

பதிவேடு முக்கியமில்லை என்பது என் வாதமன்று. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணை, தொழிற்கல்வி இடங்களை 14ஆகப் பகுத்து, பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்டோர், பிராமணர், தாழ்த்தப்பட்டோர் ஆகியோருக்குத் தலா 2, ஆங்கிலோ இந்தியர் உள்ளிட்ட கிறித்தவர்க்கும் முஸ்லிம்களுக்கும் தலா 1 என்று ஒதுக்கியது. செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. அதே ஆண்டில் அரசியலமைப்பின் முதல் திருத்தம் கல்வியில் சிறப்பு ஏற்பாடுகளுக்கு மீண்டும் வழிசெய்தது. அது இல்லாவிட்டால் இன்றைய கல்லூரிகளின் முகமே வேறாக இருந்திருக்கும்.

ஆனால் பதிவேட்டுக்குள் நுழையவே ஒரு தாள் வேண்டியிருக்கிறது. மாமல்லபுரக் கடற்கரையை ஒட்டி வாழும் இருளர், நரிக்குறவர் குடும்பங்களுக்குச் சாதிச் சான்றிதழ் பெறுவது நெடுங்காலமாகவே பெரும்பாடு. சான்றிதழ் இல்லையேல் ஒதுக்கீடும் இல்லை, உதவித்தொகையும் இல்லை. 2021 அக்டோபரில் மாமல்லபுரத்தில் நரிக்குறவர் பெண் ஒருவர், கோயில் அன்னதானப் பந்தியில் தம்மை உட்கார விடவில்லை என்று பேசிய காணொளி பரவியது. அமைச்சர் அங்கு வந்து அவரோடு அமர்ந்து உண்டார். நவம்பரில் முதலமைச்சர் அருகிலுள்ள பூஞ்சேரிக்கு வந்து பட்டாக்களையும் சாதிச் சான்றிதழ்களையும் வழங்கினார். 2022 டிசம்பரில் நரிக்குறவரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. பந்தி, மனை, தாள். டிரமன்ஹீரின் அறிக்கைக்கு 130 ஆண்டுகளுக்குப் பின்னும் அதே முடிச்சு, அதே மாவட்டம்.

இரட்டைமலை சீனிவாசன் அந்தச் சில வரிகளை எழுதியிராவிட்டால், கோயம்புத்தூர்ப் பள்ளியில் அவர் இயல்பாகப் படித்து முடித்தார் என்றே நாம் எண்ணியிருப்போம். எழுதாமல் போனவர்கள் எத்தனை பேர்? 1940களிலும் 50களிலும் இம்மாவட்டத்துப் பள்ளிகளிலும் விடுதிகளிலும் தம் குடும்பத்தின் முதல் தலைமுறையாகப் படித்தவர்களில் இன்று இருப்பவர்கள் முதுமையின் கடைசிப் படிகளில் இருக்கிறார்கள். எந்த இடத்தில் உட்கார்ந்தார்கள், யார் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட்டார்கள், யாரோடு நடந்தார்கள் என்று அவர்களிடம் கேட்டு எழுதிவைக்க வேண்டும். பதிவேடுகள் ஆவணக் காப்பகத்தில் இருக்கும், நாளையும் படிக்கலாம். இந்த நினைவுகளுக்கு அவ்வளவு அவகாசம் இல்லை.