முதல்நிலை மதிப்பீடு

பலத்த காயமடைந்தவரின் உயிருக்கு உடனடி ஆபத்தாக இருப்பவற்றை முன்னுரிமை வரிசையில் கண்டறிந்து, கண்டவுடன் சரிசெய்யும் முறை. ஏ-பி-சி-டி-இ என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளால் செவிலியர் இதை நினைவில் வைக்கின்றனர்.

தோற்றம்: 1976இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் எலும்பு அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஸ்டைனர் ஓட்டிய சிறு விமானம் விழுந்து நொறுங்கியது. மனைவி இறந்தார்; அவரும் பிள்ளைகளும் காயமடைந்தனர். அப்போது கிடைத்த சிகிச்சையின் போதாமையே இம்முறையைக் கற்பிக்கும் பயிற்சிக்கு வித்திட்டது. 1978இல் தொடங்கிய அப்பயிற்சியை 1980இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி ஏற்றது.

படிகள்

ஏ – மூச்சுப்பாதை: கழுத்தை அசையாமல் பிடித்தபடி, தாடையை முன்தள்ளி அடைப்பை நீக்குதல். தெளிவாகப் பேசுபவருக்குப் பாதை திறந்திருக்கிறது.

பி – சுவாசம்: மார்பின் இருபுறமும் சமமாக உயர்கிறதா எனப் பார்த்து ஆக்சிஜன் தருதல்.

சி – இரத்த ஓட்டம்: இரத்தம் கசியும் இடத்தை அழுத்திப் பிடித்தல், பெரிய துளையுள்ள இரு ஊசிகளைச் சிரையில் ஏற்றுதல். இளவயதினர் 30 விழுக்காடு வரை இரத்தம் இழந்தும் இரத்த அழுத்தம் குறையாதிருக்கலாம்; நாடி வேகமே முன்னெச்சரிக்கை.

டி – நினைவுநிலை: நினைவுநிலையை 3 முதல் 15 வரை மதிப்பிடும் கிளாஸ்கோ அளவுகோலால் அளந்து, கண்மணிகளையும் பார்த்தல். மதிப்பெண் 8 அல்லது குறைவெனில் மூச்சுப்பாதைக்குப் பாதுகாப்பு தேவை.

இ – முழு உடற்பார்வை: ஆடையை வெட்டி முதுகு உட்பட நோக்கி, உடனே போர்த்துதல்; உடல் குளிர்ந்தால் இரத்தம் உறைவது தடைபடும்.

பீறிடும் இரத்தப்போக்கு இருந்தால் ‘ஏ’க்கும் முன்பே அதை நிறுத்துவதே முதல் வேலை. நிலை மோசமானால் மீண்டும் ‘ஏ’யிலிருந்து தொடங்க வேண்டும்.